மூன்று இடங்களில் ‘நாங்கள்’

பலகைக் கம்பெனி மேனேஜர் கேட்ட கேள்விக்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை. கஷ்டமான கேள்வி ஒன்றுமில்லை.

“வந்து உட்கார்ந்ததுலேர்ந்து நாங்க செஞ்சோம், நாங்க பார்த்தோம், நாங்க கண்டுபிடிச்சோம்னே சொல்றீங்க. எனக்கு ஒரு ஆள்தான் சார் வேணும். மொத்தம் எத்தனை பேர் வந்திருக்கீங்க? மத்தவங்க வெளியில நிக்கிறாங்களா?”

மேனேஜருக்குப் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அவனும் சிரித்து வைத்தான்.

“அது ஆய்வுக் கட்டுரைல எழுதற வழக்கம் சார்.”

“சரி, வழக்கம். அந்த ஈரத்துல பிரியாத பசையைக் கலக்கினது யாரு?”

“எங்க ஆய்வகத்துல…”

“போதும் சார். சொல்லி அனுப்பறோம்.”

சொல்லி அனுப்புகிறோம் என்று சொன்ன கம்பெனிகளில் இது ஆறாவது. ஐந்தும் சொல்லவுமில்லை, அனுப்பவுமில்லை.

அவனுக்கு முப்பத்தேழு வயது. மரத்தையும் மரத்தையும் ஒட்டும் பசை ஈரத்தில் ஏன் விட்டுப்போகிறது என்பதை எட்டு வருடம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினான். பிறகு அதே ஆய்வகத்தில் இரண்டு தற்காலிக வேலை. இரண்டு மாதம் முன்பு அதுவும் முடிந்தது. பேராசிரியர் கையை விரித்தார். தெருவில் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்வீட்டுத் தையல்காரர் தினமும் முழங்காலைக் காட்டிவிட்டு, “இதுக்குக்கூட மருந்து சொல்லத் தெரியாத டாக்டரை இப்பத்தான் பார்க்கறேன்” என்பார். பசை வேண்டுமானால் போட்டு ஒட்டலாம் என்று அவன் ஒருமுறை சொன்னான். அதன் பிறகு தையல்காரருக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போய் என்ன, வேலை கொடுக்க அவரிடம் இருந்தது ஒரு மெஷின், அதிலும் அவரேதான் உட்கார்ந்திருந்தார்.

அவன் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். மெஷினிலிருந்து ஈரப் படுக்கைவிரிப்புகளை இழுத்துத் தள்ளுவண்டியில் போட்டு உலர்த்தும் அறைக்குத் தள்ள வேண்டும். காய்ந்த விரிப்பை ஒரு விரலில் தூக்கலாம். நனைந்த விரிப்பு பத்துச் சேர்ந்தால் ஒரு ஆளின் கனம். அவளுக்கு இரண்டு கர்ப்பம் நின்று நின்று கலைந்திருந்தது. ஒன்று பதினெட்டாவது வாரத்தில், இன்னொன்று பத்தொன்பதாவது வாரத்தில். இப்போது மூன்றாவது. பதினாறாவது வாரம் நடந்துகொண்டிருந்தது.

“கர்ப்பவாய்க்குத் தையல் போட்டிருக்கேன். அதை நம்பிப் பாரம் தூக்காதீங்க” என்று டாக்டரம்மா சொன்னார். நிஜ டாக்டர். “லீவுக்கு எழுதித் தரட்டுமா?”

“எழுதித் தந்தா அங்க வீட்டுக்குப் போன்னு சொல்வாங்க டாக்டர். உட்கார்ந்து பார்க்கற வேலைன்னு அங்க ஒண்ணு கிடையாது.”

“வீட்டுக்குப் போங்களேன்.”

மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். டாக்டரம்மாவும் அவனைப் பார்த்தார். அவன் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தான்.

அவளுடைய சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவனுக்கு வேலை கிடைத்தால் அவள் மறுநாளே நின்றுவிடலாம். கிடைக்காவிட்டால் அவள் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வாரமோ மூன்று வாரமோ, அதற்குள் கிடைக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் இந்த மாதிரி ஆட்களுக்கென்றே ஒரு அறை திறந்திருந்தார்கள். கதவில் ‘ஆராய்ச்சியாளர் பணி மாற்ற உதவி மையம்’ என்று காகிதத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தது. உள்ளே பாதி அறையைப் பழைய விடைத்தாள் கட்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு அம்மா. கொண்டையில் எப்போதும் பென்சில் செருகியிருந்ததால் பென்சில் மேடம் என்று பெயர். அவரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்தான், பழங்காலத்து முத்திரைகளைப் பற்றி. பன்னிரண்டு வருடம் தற்காலிக விரிவுரையாளராக இருந்துவிட்டு இந்த ஒரு வருட வேலைக்கு வந்திருந்தார்.

“படிப்பை விட்டு வெளியே வாங்க, உலகம் பெரிசுன்னு உங்களுக்கெல்லாம் சொல்றேன்” என்றார் முதல் நாளே. “நான் வெளியே வந்தது இதே கட்டடத்தோட பின்பக்கம் வரைக்கும்தான். அதனால என்னைப் பார்த்துக் கத்துக்காதீங்க. நான் சொல்றதை மட்டும் கேளுங்க.”

அவன் பதினொரு பக்கத்துக்குத் தன் விவரக்குறிப்பைக் கொண்டுபோயிருந்தான். அவர் கையில் எடுத்து எடை பார்த்தார்.

“இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்க ரிட்டயர் ஆயிடுவாங்க.”

ஒரு பக்கமாகக் குறைத்தார். கட்டுரைத் தலைப்புகள், மாநாடுகள் எல்லாம் போயின. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பொய் நேர்காணல் ஒன்று வைத்தார். அவர் கம்பெனிக்காரர், அவன் வந்தவன். இருபது நிமிடம். அவன் பேசப் பேச அவர் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் எண்ணினார்.

“நாற்பத்தோரு நாங்க. ஒரு நான்கூட இல்லை. நீங்க வேலைக்குப் போறீங்களா, ஊரையே கூட்டிக்கிட்டுப் போறீங்களா?”

“அப்படிச் சொல்லித்தான் மேடம் பழக்கம்.”

“உங்க பேராசிரியர் அந்தப் பசை வாளியில எத்தனை தடவை கை வெச்சிருப்பார்?”

அவன் யோசித்தான். “ஆய்வுக் குழு வந்தா உள்ளே வருவார். மத்தபடி அவர் ரூம்லதான் இருப்பார்.”

“அப்போ யாரோட நாங்க அது? சொல்லுங்க, நான் கலக்கினேன்.”

“நான்… கலக்கப்பட்டது.”

பென்சில் மேடம் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் திரும்பச் சொல்லச் சொன்னபோது நாக்கு புரளவில்லை.

அவனுடைய அம்மா கல் உடைக்கும் களத்தில் இருபத்தைந்து வருடம் சல்லி சுமந்தவள். மாலையில் வந்து திண்ணையில் காலை நீட்டி, “நாங்க இன்னைக்கு நாலு லோடு ஏத்தினோம்” என்பாள். அவள் ஏற்றியதும் பக்கத்துப் பெண்பிள்ளை ஏற்றியதும் ஒரே லாரியில் கிடக்கும், எது யாருடையது என்று பிரிக்க முடியாது. அந்த நாங்கள் நிஜம். பள்ளி விடுமுறையில் பன்னிரண்டு வயதிலிருந்து அவனும் அந்த நாங்களுக்குள் சுமந்திருக்கிறான். ஆய்வகத்தில் அதே வார்த்தையைக் கேட்டபோது அதே பொருள் என்று நினைத்துக்கொண்டான். இரவும் பகலும் வாளியைக் கிண்டியது அவன், கட்டுரையில் முதலில் வந்தது பேராசிரியர் பெயர். ஆனாலும் நான் என்று சொன்னால் யாருடைய சட்டைப் பையிலோ கை விட்டதுபோல் கூசியது.

“வீட்ல கண்ணாடி இருக்கா?” என்றார் பென்சில் மேடம்.

“இருக்கு.”

“தினமும் அதுக்கு முன்னாடி நின்னு நூறு தடவை சொல்லுங்க. நான் செஞ்சேன். பக்கத்துல யாராவது பார்த்தா பைத்தியம்னு நினைப்பாங்க. நினைச்சுட்டுப் போகட்டும்.”

மனைவி பார்த்தாள். “நான் செஞ்சேன் நான் செஞ்சேன்னு யார்கிட்ட ஒப்புக்கிறீங்க? போலீஸ் எதுவும் வரப்போகுதா?” என்றாள். பிறகு அவளே எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். நாங்க என்று வாயில் வந்தால் தொடையில் கிள்ளினாள். ஒரு வாரத்தில் பழக்கிவிட்டாள்.

பென்சில் மேடம் தனக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகப் பசை செய்யும் கம்பெனி ஒன்றில் சொல்லி வைத்தார். அங்கே ஆய்வகத்துக்கு ஓர் ஆள் தேவை. செவ்வாய்க்கிழமை காலை போனான். கேட்டுக்குள் நுழைந்ததுமே புளித்த மாதிரி ஒரு வாடை. பலருக்குக் குமட்டும். அவனுக்கு வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

லேப் இன்சார்ஜ் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. சான்றிதழைத் திறக்கவே இல்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கதவின் உடைந்த ஓரத்தை எடுத்து அவன் முன்னால் போட்டார்.

“வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினது. எங்க பசை சரியில்லைங்கறாங்க. ஏன் பிரிஞ்சுது?”

அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். முகர்ந்தான்.

“பசை மேல தப்பு இல்ல. நல்லா ஒட்டியிருந்தா பிரியும்போது மர நாரைப் பிய்ச்சுக்கிட்டு வந்திருக்கும். இது ஒரே பக்கத்துல தோல் மாதிரி நிக்குது. தடவி ரொம்ப நேரம் விட்டுட்டாங்க. பசை ஆடை கட்டினப்புறம் அழுத்தியிருக்காங்க. நான் இதே மாதிரி இருநூறு துண்டு உடைச்சுப் பார்த்திருக்கேன்.”

“தடவிட்டு டீ குடிக்கப் போயிருக்காங்க” என்றார் லேப் இன்சார்ஜ்.

“போய் ரெண்டு டீ குடிச்சிருக்காங்க.”

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. மேலும் அரை மணி நேரம் பேசினார்கள். ஈரத்தில் பிரியாத அவனுடைய பசையைப் பற்றிக் கேட்டார். நான் கலக்கினேன், நான் சோதித்தேன் என்று தடங்கலில்லாமல் சொன்னான். கடைசியில் அவர் சொன்னார்: “என்னைப் பொறுத்தவரைக்கும் முடிஞ்சுது. டைரக்டர் கையெழுத்து ஒண்ணுதான். வியாழக்கிழமை ஆர்டர் ரெடியாயிடும். திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுங்க.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமலே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆர்டர் கைக்கு வரட்டும். அப்புறம் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிக்கறேன்” என்றாள். “சனிக்கிழமையோட நின்னுடலாம், இல்லைங்க?”

“நின்னுடலாம்.”

அன்று விளக்கு வைத்த கையோடு அவள் படுத்துத் தூங்கிவிட்டாள். பல நாளைக்குப் பிறகு அப்படித் தூங்கினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து காலையில் பேசியதை நினைத்துப் பார்த்தான். சந்தோஷத்தில்தான் தொடங்கினான். எத்தனை முறை ‘நான்’ என்று சொன்னோம் என்று எண்ணினான். ஏழு. நான்கு சரி. மூன்று இடத்தில் நெருடியது.

ஒட்டிய துண்டுகளை வைத்துச் சோதிக்கும் ஈரப்பெட்டியை நான் செய்தேன் என்றான். வடிவம் போட்டது அவன், கதவு பொருத்தியது ஆய்வகத்து உதவியாளர். மூன்றாவது தொகுதித் துண்டுகளை நான் ஒட்டினேன் என்றான். அந்த வாரம் மனைவிக்கு இரண்டாவது தடவை கலைந்து அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான், ஒட்டியது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு மாணவி. பசையில் களிமண் தூள் சேர்க்கும் யோசனை என்னுடையது என்றான். ஒருநாள் மாடிப்படியில் இறங்கும்போது பேராசிரியர் போகிற போக்கில், “களிமண்ணைப் போட்டுப் பாரேன்” என்று சொன்னார். நான்கு வார்த்தைகூட இல்லை. இரண்டு வருடம் போட்டுப் பார்த்தது அவன். ஆனால் சொன்னது அவர்.

கம்பெனியிலிருந்து பேராசிரியரைக் கூப்பிட்டு விசாரித்தால்? அவர் இல்லையென்று சொல்லிவிட்டால்? அவன் பழகிய உலகத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. அச்சான கட்டுரையில் தப்பு இருந்தால் மற்றவன் கண்டுபிடிக்கும் முன் நாமே திருத்தம் எழுதி அனுப்பிவிட வேண்டும். அனுப்பினவன் நேர்மையானவன். அதற்கு மேல் பேச்சில்லை. அவன் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

‘மதிப்பிற்குரிய அம்மா, இன்று நடைபெற்ற நேர்காணலில் என்னால் “நான்” என்று கூறப்பட்ட ஏழு இடங்களுள் மூன்று இடங்களில் “நாங்கள்” என்று இருந்திருக்க வேண்டும். அவை கீழே அட்டவணையில் தரப்பட்டுள்ளன. இத்திருத்தங்களால் ஒட்டுமொத்த முடிவில் மாற்றம் ஏதும் இல்லை. ஏற்பட்ட பிழைக்கு வருந்துகிறேன்.’

அட்டவணையில் மூன்று கட்டம் போட்டான். சொன்னது, சொல்லியிருக்க வேண்டியது, காரணம். லேப் இன்சார்ஜுக்கு அனுப்பினான். கையெழுத்துப் போடப்போகிறவர் என்பதால் டைரக்டருக்கும் ஒரு பிரதி. தகவலுக்காகப் பென்சில் மேடத்துக்கு ஒன்று. அனுப்பியதும் நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. மனைவிக்குப் பக்கத்தில் படுத்து நன்றாகத் தூங்கினான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பென்சில் மேடம் கூப்பிட்டார்.

“எங்க இருக்கீங்க? உடனே வாங்க.”

போனான். அவர் கடிதத்தை அச்செடுத்து வைத்திருந்தார்.

“கொலை பண்ணினவன்கூட இவ்வளவு தெளிவா வாக்குமூலம் கொடுக்க மாட்டான் சார். அட்டவணை வேற.”

“அது உண்மை மேடம்.”

“உண்மைதான். யாரு இல்லைன்னா? யாராவது கேட்டாங்களா?”

“பேராசிரியரைக் கேட்டா…”

“அவரா? நான் விசாரிச்சப்போ உங்களுக்கு என்ன ஆராய்ச்சின்னே அவருக்கு ஞாபகம் இல்ல. மரம் சம்பந்தமா ஏதோன்னு சொன்னார்.”

அவர் லேப் இன்சார்ஜைப் போனில் கூப்பிட்டு இருவருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தார். அந்த அம்மாவின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“எனக்கு அவர் மேல மரியாதை கூடித்தான் இருக்கு மேடம். எனக்கு மட்டும் அனுப்பியிருந்தா அழிச்சுட்டு ஆர்டர் போட்டிருப்பேன். டைரக்டர் காலையில வந்ததும் முதல்ல அதைத்தான் படிச்சிருக்கார். என்ன சொன்னார் தெரியுமா? நம்ம பசை பிரிஞ்சா வாடிக்கையாளர் புகார் எழுதறதுக்கு முன்னாடி இவரே அவங்களுக்கு எழுதிப் போட்டுடுவார்னு.”

“நான் அவர்கிட்ட பேசறேனே, அஞ்சு நிமிஷம்.”

“பேசிப் பார்த்துட்டேன். ஏழுக்கு மூணு தப்பா சொல்ற ஆளுன்னு ஒரு பக்கம் சொல்றார், ரொம்ப உண்மை பேசற ஆளுன்னு இன்னொரு பக்கம் சொல்றார். ரெண்டுல எதுக்குப் பதில் சொல்றது? அடுத்து இருந்த பையனைக் கூப்பிட்டாச்சு.”

போன் அணைந்தது. விடைத்தாள் கட்டுகளுக்குள் ஒரு எலி எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. பென்சில் மேடம் கடிதத்தை நான்காக மடித்தார்.

“தப்பு என் மேலயும் இருக்கு. நான்னு சொல்லத்தான் கத்துக்கொடுத்தேன். சொல்லிட்டுச் சும்மா இருக்கணும்னு கத்துக்கொடுக்கல.”

அவன் எழுந்துகொண்டான். நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளி வைத்தான். “வரேன் மேடம்” என்றான். எங்கே போவதென்று தெரியாமல் படியில் வெகுநேரம் நின்றான்.

மாலையில் மனைவி கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். பாதங்கள் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது.

“இடுப்பு விட்டு விட்டு வலிக்குது” என்றாள். “மூணு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடலாம்.”

டாக்டரம்மாவிடம் போவோம் என்றான். போனார்கள். இன்னும் ஒன்றும் ஆகவில்லை, படுத்தே இருக்க வேண்டும், இந்த வாரமே நிற்க வேண்டும் என்று அவர் கோபமாகச் சொன்னார். “சனிக்கிழமையோட நிக்கறேன் டாக்டர், இவருக்கு வேலை கிடைச்சிடுச்சு” என்றாள் மனைவி. டாக்டரம்மா முதல்தடவையாக அவனைப் பார்த்துச் சிரித்தார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவன் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் வேலைக்குப் போன பிறகு, நேர்காணலுக்குப் போட்ட அதே சட்டையைப் போட்டுக்கொண்டு பசைக் கம்பெனி வாசலில் போய் நின்றான். ஒன்பது மணிக்கு லேப் இன்சார்ஜ் வண்டியில் வந்தார். அவனைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“அம்மா, லேப் வேண்டாம். வேற எது இருந்தாலும் சரி. பாட்டில் கழுவறதுன்னாலும் சரி.”

“உங்களை எங்க சார் போடறது? பாட்டில் கழுவறவங்க எல்லாம் உங்களை சார்னு கூப்பிடுவாங்க. நான் உங்ககிட்ட கழுவுன்னு சொல்லணும். என்னால ஆகாது.”

“என் சம்சாரம் மாசமா இருக்கா. ரெண்டு தடவை கலைஞ்சு போச்சு. ஆஸ்பத்திரில ஈரத்துணி தூக்கற வேலை. அவ இன்னைக்கும் போயிருக்கா.”

அந்த அம்மா வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

“கம்பெனி வேலைக்கு டைரக்டரைத் தாண்டி நான் ஒருத்தரையும் எடுக்க முடியாது. லோடு ஏத்தறது மட்டும் காண்ட்ராக்டர் பொறுப்பு, அவருக்கு எப்பவும் ஆள் பத்தாது. அதை உங்ககிட்ட…” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அவர் எங்க இருப்பார்?”

அவர் பின்பக்கத்து ஷெட்டைக் கையால் காட்டினார். அவனைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

காண்ட்ராக்டரின் மேஸ்திரி கவிழ்த்த டிரம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு, காதில் பீடி. அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆபீஸ் அந்தப் பக்கம் சார்.”

“லோடு வேலைக்கு வந்திருக்கேன்.”

“எதுக்கு, கட்டுரை எழுதவா? போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் இஸ்திரி போட்ட சட்டையோட வந்தார். உங்க கஷ்டத்தை எல்லாம் எழுதப்போறேன்னார். மூணாவது நாள் முதுகைப் பிடிச்சுக்கிட்டுப் போனார். எங்க கஷ்டம் வெளிய வந்துச்சான்னு தெரியல, அவர் கஷ்டம் வந்துச்சு.”

லாரிக்குள் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

“எழுத வரல அண்ணே. கூலிக்கு வந்திருக்கேன். சம்சாரம் நாலு மாசம். அவ பாரம் தூக்கக் கூடாது.”

மேஸ்திரி சிரிப்பை நிறுத்தினார். எழுந்து, உட்கார்ந்திருந்த டிரம்மைத் தள்ளிவிட்டு, நிரம்பிய டிரம் ஒன்றைக் காலால் தட்டினார். ஐம்பது கிலோ.

“ஏத்து பார்க்கலாம்.”

அவன் குந்தினான். டிரம்மைத் தன் பக்கம் சாய்த்து, அடி விளிம்பைத் தொடையில் உருட்டி ஏற்றி, மூச்சை வெளியே விட்டு, உடம்பைப் பாரத்துக்கு அடியில் கொடுத்து எழுந்தான். தோளுக்கு வந்துவிட்டது. கல் களத்தில் அம்மா முதுகில் ஒரு அடி கொடுத்துக் கொடுத்துப் பழக்கியது. இடுப்பு மறக்கவில்லை, கை மறந்திருந்தது. விளிம்பு உள்ளங்கையை அறுத்தது. சாய்வுப் பலகையில் ஒவ்வொரு அடியாக வைத்து ஏறினான். விட்டுவிட்டால் எல்லாம் போச்சு என்று மட்டும் தெரிந்தது. லாரிக்குள் இருந்தவன் வாங்கிக்கொண்டு, “யாரு சாமி நீ, பொண்ணு பார்க்க வந்த மாதிரி வந்து லோடு ஏத்தறே” என்றான்.

“தூக்கத் தெரியுது” என்றார் மேஸ்திரி. “கை மட்டும் பச்சைப்பிள்ளை கை. துணி சுத்திக்கோ. இன்னைக்கு இந்த லாரி முடியற வரைக்கும் நில்லு. சரிப்பட்டா நாளையிலேர்ந்து காலைல ஆறு மணிக்கு. சனிக்கு சனி கூலி. விழுந்து கிழுந்து வெச்சா நான் பொறுப்பு இல்ல.”

லாரி முடிய மதியம் இரண்டு மணி ஆயிற்று. நடுவில் ஒருமுறை மேல்மாடி ஜன்னலில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு இளைஞன் கையில் கண்ணாடிக் குடுவையோடு நின்று கீழே பார்த்தான். புதிதாக வந்தவனாக இருக்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த டிரம்முக்குப் போனான்.

வெளியே வந்து தெருக்குழாயில் கை கழுவும்போது பென்சில் மேடம் கூப்பிட்டார்.

“ரெண்டு இடத்துல சொல்லி வெச்சிருக்கேன். ஒரு மாசத்துல ஏதாவது…”

“எனக்கு வேலை கிடைச்சிடுச்சு மேடம்.”

“எங்க?”

சொன்னான்.

“மாசக் கடைசில நான் ஒரு படிவம் அனுப்பணும்” என்றார். “எத்தனை பேரை வேலைக்கு அனுப்பினேன்னு. மூணு பேர் ஆயிருக்கு. நாலு ஆனாத்தான் அடுத்த வருஷம் இந்த ரூம் இருக்கும். நானும் இருப்பேன்.”

“என்னையும் சேர்த்துக்குங்க.”

“பதவின்னு ஒரு கட்டம் இருக்கு சார். அதுல என்னத்தை எழுதறது?”

“கம்பெனி பேர் மட்டும் எழுதுங்க மேடம். யாரும் வந்து பார்க்க மாட்டாங்க.”

அவர் எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “போனை மட்டும் அணைச்சு வெச்சுடாதீங்க. ஒரு மாசம். நான் விட மாட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவன் நேராக ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு நடந்தான். சலவைக்கூடத்துச் சன்னல்களிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வாசலில் தரையில் மஞ்சள் கோடு. காவலாளியிடம் சொல்லி அவளைக் கூப்பிடச் சொன்னான். கைகளை உடம்பில் துடைத்துக்கொண்டே வந்தாள், வயிற்றுப் பக்கம் முழுக்க ஈரம்.

“என்ன இந்த நேரத்துல? சட்டை என்ன இப்படி ஆகியிருக்கு? ஆர்டர் கொடுத்துட்டாங்களா?”

“அங்கேயே வேலை கிடைச்சிடுச்சு. நாளைக்கே சேரணும். லேப் இல்ல. லோடு.”

அவள் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“லேப் வேலை என்ன ஆச்சு?”

“போச்சு. நான் ஒரு கடிதம் எழுதினேன்.”

“எப்போ போச்சு?”

“நேத்து காலைல.”

“நேத்து டாக்டரம்மாகிட்ட நான் சொன்னப்போ பக்கத்துலதானே நின்னீங்க.”

அவள் கையை விட்டாள். அடிப்பாள் என்று நினைத்தான், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கூலி எவ்வளவு?”

“நீ வாங்கறதைவிடக் கொஞ்சம் கம்மி. ஆனா வாரா வாரம் வரும். நீ இப்பவே கிளம்பு. இனிமே போக வேண்டாம்.”

“ஷிப்டு முடியாம கிளம்பினா இந்த வாரம் பூரா பார்த்தது போயிடும். இன்னும் ரெண்டு வண்டி இருக்கு.”

“நான் தள்ளறேன்.” அவன் கோட்டைத் தாண்டினான். காவலாளி கையை நீட்டி மார்பில் தடுத்தார்.

“வெளியாள் உள்ள போகக் கூடாது தம்பி. நோய்த்தொற்று. எனக்கும் வேலை போயிடும்.”

“அண்ணே, அவ மாசமா இருக்கா.”

“தெரியும் தம்பி. இங்க எல்லாருக்கும் தெரியும்.”

மனைவி அதற்குள் திரும்பி நடந்துவிட்டாள். அவன் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றான். உள்ளேயிருந்து மெஷின் கதவு திறக்கும் சத்தம், துணி தொப்பென்று விழும் சத்தம், பிறகு சக்கரம் சிமெண்டுத் தரையில் உருளும் சத்தம் கேட்டது. நடுவில் நின்றது. மறுபடி உருண்டது. காவலாளி தன் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினார். அவன் உட்காரவில்லை. இரண்டாவது வண்டி ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது.

மணி அடித்து எல்லாப் பெண்களும் வந்த பிறகு கடைசியாக அவள் வந்தாள். மெதுவாக, கால்களை அகட்டி வைத்து நடந்தாள். மதில் ஓரத்துத் திட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

“வலிக்குதா?”

“நேத்து மாதிரிதான் இருக்கு. கூடல.” கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். “சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். நாளையிலேர்ந்து வரலைன்னு. இந்த வாரத்துதை மாசக் கடைசில வந்து வாங்கிக்கச் சொன்னாங்க.”

அவன் அவள் காலடியில் குந்தி, செருப்பு வாரைத் தளர்த்திவிட்டான். அவள் தடுக்கவில்லை. மற்றப் பெண்கள் அவர்களைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள்.

“உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு” என்றாள். “வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கிட்டுக் கோபப்படறேன். இப்போ முடியல.”

“சரி.”

“நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்பணும்?”

“அஞ்சு” என்றான்.